அம்மாவின் வினைச்சொற்கள்

போன பொங்கலுக்கு ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஒரு சிப்பம் புது அரிசி அனுப்பியிருந்தார். அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து எடுத்த முறத்தை என் மகளிடம் நீட்டினாள். "இந்தா, இதைக் கொஞ்சம் புடைச்சுக் கொழிச்சு வை."

மகள் முறத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். "புடைக்கணுமா, கொழிக்கணுமா பாட்டி? ரெண்டும் ஒண்ணுதானே?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. உட்காருவதும் படுப்பதும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் நாம் எப்படி விழிப்போமோ அப்படி விழித்தாள். பிறகு முறத்தைத் தானே வாங்கி, காலை நீட்டி உட்கார்ந்து செய்து காட்டினாள். மேலும் கீழும் தூக்கி எறிந்து பிடித்தால் உமியும் தூசியும் முன்பக்கமாகப் பறந்துவிடும், அது புடைப்பது. முறத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பக்கவாட்டில் அசைத்தால் நொய்யும் கல்லும் ஒரு பக்கம் ஒதுங்கும்; அது கொழிப்பது. இது போக நாவுவது, தெள்ளுவது, சலிப்பது என்று இன்னும் இருக்கின்றன என்றாள். மகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மொத்தத்துல க்ளீன் பண்றது" என்றாள்.

இப்படி ஏதாவது நடந்தால் வீட்டில் யாராவது ஒருவர் "இங்கிலீஷ் வந்து தமிழைக் கெடுத்துடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிகூட உடன்பாடில்லை. நடந்தது அவ்வளவு நேரான கதை கிடையாது.

அம்மா 1941இல் பிறந்தவள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் வாயில் இன்றும் அது தஞ்சாவூர் ஜில்லாதான். 1997இல் அது திருவாரூர் மாவட்டத்தில் போனதெல்லாம் அவள் கணக்கில் சேராது. அவள் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் கேட்ட தமிழ் சுத்தத் தமிழா என்று பார்த்தால், அதுவும் இல்லை. சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் எல்லாம் போர்த்துகீசியர் கொண்டுவந்தவை. துட்டும் கக்கூசும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனவை. வக்கீல், தாசில்தார், தாலுகா, வசூல், பாக்கி எல்லாம் நவாபு காலத்தில் வந்து சேர்ந்த அரபு, பாரசீகச் சரக்கு. இவற்றைத் தமிழ் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டாள்.

எழுத்தில் இன்னும் மோசம், அல்லது இன்னும் அழகு, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தாத்தா எழுதிய கார்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று தொடங்குகிறது. அம்மாவின் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பு "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை". வந்தவர்களை அழைத்தது "இஷ்டமித்திர பந்துக்களுடன்". என் பத்திரிகையின் தலைப்பு "திருமண அழைப்பிதழ்". அது அழைத்தது "சுற்றமும் நட்பும் சூழ". ஒரு தலைமுறைக்குள் பத்திரிகையின் மொழி தலைகீழாகிவிட்டது, அதுவும் தமிழின் பக்கமாக.

பொதுவெளித் தமிழ் முழுக்கவே இப்படித்தான் மாறியது. கூட்டத்துக்கு அக்கிராசனர் இருந்தார், தலைவர் ஆனார். காரியதரிசி செயலாளர் ஆனார். தேர்தலில் நின்ற அபேட்சகர் வேட்பாளர் ஆனார். உபாத்தியாயர் ஆசிரியரானார், சர்வகலாசாலை பல்கலைக்கழகமானது, நமஸ்காரம் வணக்கமானது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கம் அன்று புலவர்களின் பிடிவாதம் போலத் தெரிந்திருக்கும். திராவிட இயக்க மேடைகள் அதைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தன. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் அலுவலகத்துக்குள் கொண்டுபோனது. 1967இல் ஆட்சி மாறிய பிறகு வேகம் கூடியது. 1969 ஜனவரியில் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. 1978இல் எழுத்தும் மாறியது. பெரியார் பல ஆண்டுகளாகத் தன் பத்திரிகையில் பயன்படுத்திவந்த முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்று, னா, ணா, றா, னை, லை போன்ற 13 எழுத்துகளுக்குப் புது வடிவம் தந்தது. அம்மா இன்றும் மளிகைச் சீட்டில் தும்பிக்கை வைத்த பழைய 'லை'தான் போடுகிறாள். கடைக்காரப் பையன் "கடலை" என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பழைய தலைமுறை நல்ல தமிழ் பேசியது, நாம் கெடுத்தோம் என்பது கொஞ்சம் வசதியான கதை. காகிதத்திலும் மேடையிலும் தமிழ் ஏறியது. அடுப்படியிலும் தெருவிலும் இறங்கியது. இரண்டும் ஒரே ஐம்பது, அறுபது ஆண்டுகளில், ஒரே மக்களால் நடந்தன. வேட்பாளர் என்று எழுதிய அதே கைதான் வீட்டில் "வாஷ் பண்ணு" என்றது.

இதில் பெயர்ச்சொற்கள் போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பொருள் போனால் பெயரும் போகும். காசைப் பாருங்கள். அம்மாவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, 1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு ஆறே கால் பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6 பைசா, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19 என்று முன்பின்னாக ஒரு பட்டியல் போட்டார்கள். நாலணாதான் பிசிறில்லாமல் 25 பைசாவில் வந்து நின்றது, எட்டணா 50இல். ஓரணாவும் மூணணாவும் பேச்சிலிருந்து சீக்கிரமே மறைந்தன. நாலணாவும் எட்டணாவும் மட்டும் அணாவே இல்லாத காலத்தில் இன்னும் ஐம்பது வருடம் ஓடின. 2011இல் 25 பைசா நாணயம் செல்லாமல் போகும்வரை நாலணாவுக்குக் கையில் ஒரு சாட்சி இருந்தது. இப்போது மிச்சமிருப்பது வசவு மட்டும்: காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை, தம்பிடிகூடத் தரமாட்டேன். அணாவுக்கு 12 தம்பிடி என்பது தெரியாமலே அதைச் சொல்கிறோம்.

அளவைகளும் அப்படித்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்தைத் தவிர எல்லாம் இரட்டித்து இரட்டித்துப் போகும் கணக்கு. பாத்திரத்தை வைத்தே பழகிவிடலாம். நிறுவைக்குப் பலம், சேர், வீசை. 1956இல் வந்த அளவைச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் இவற்றைக் கடையிலிருந்து விரட்டின. எங்கள் வீட்டில் பித்தளை உழக்கு இன்னும் இருக்கிறது. குக்கருக்கு அரிசி அளக்க அதுதான். ஆழாக்கு, குள்ளமாக இருப்பவர்களைக் கேலி செய்ய உதவுகிறது. பூ மட்டும் முழத்தில் நிற்கிறது, தங்கம் பவுனில் நிற்கிறது. இந்த இரண்டிலும் கிராமையும் மீட்டரையும் யாராலும் முழுக்க நுழைக்க முடியவில்லை. பின்னங்களில் கால், அரை, முக்கால் பிழைத்தன, கடிகாரமும் கிலோவும் அவற்றைக் கேட்டதால். எட்டில் ஒன்றான அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு போயின. அரைக்கால் என்றால் இன்று ஞாபகத்துக்கு வருவது சட்டைதான்.

உறவுப் பெயர்களைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவள் அப்பாயி, அம்மாவைப் பெற்றவள் அம்மாயி. என் மகளுக்கு இருவருமே பாட்டி. எந்தப் பாட்டி என்று தெரிய ஊர்ப்பெயர் சேர்த்துக்கொள்கிறாள்.

சரி, பெயர்கள் கிடக்கட்டும். அந்த முறத்துக்குத் திரும்பி வருகிறேன். அங்கே தொலைந்தது வினை. பொருளைச் சுட்டும் சொல் போவதும், ஒரு செயலை இன்னொரு செயலிலிருந்து பிரித்துக்காட்டும் சொல் போவதும் வேறுவேறு விஷயங்கள்.

அம்மாவின் சமையற்கட்டில் ஒரு தானியத்துக்கு என்னவெல்லாம் நடந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நெல்லை உரலில் போட்டுக் குத்துவார்கள். மிளகாயை இடிப்பார்கள். பருப்பை உடைப்பார்கள். திருகையில் மாவு திரிப்பார்கள். அம்மியில் தேங்காய் அரைப்பார்கள். மிளகு சீரகத்தை நுணுக்குவார்கள். பூண்டை நசுக்குவார்கள், இஞ்சியைத் தட்டுவார்கள். இட்லிக்கு மட்டும் ஆட்டுவார்கள். இவற்றில் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. மிளகை ஆட்டினேன் என்று ஒரு பெண் சொன்னால் மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு கருவியோடும், உடம்பின் ஒவ்வோர் அசைவோடும் ஒட்டியிருந்தது. குத்துவதற்கு நிற்கவேண்டும், அரைப்பதற்குக் குனிந்து முன்னும் பின்னும் இழுக்கவேண்டும், ஆட்டுவதற்கு உட்கார்ந்து வலக்கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இடக்கையால் மாவைத் தள்ளிவிடவேண்டும். கை சிக்காமல் தள்ளுவது ஒரு வித்தை. கல் மழுங்கிவிட்டால் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு உளியோடு ஒருவர் வருவார்.

பிறகு ஒவ்வொன்றாக இயந்திரம் வந்தது. முதலில் வந்தது ரைஸ்மில். நெல் குத்துவது அதோடு வீட்டிலிருந்து வெளியேறியது. "மில்லுக்குக் கொடுத்து அரைச்சாச்சு" என்றார்கள். குத்து போய் அரை வந்தது, இரண்டுமே தமிழ்தான் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் கோயம்புத்தூர் கிரைண்டர். புவிசார் குறியீடு வாங்கும் அளவுக்கு அந்த ஊரின் அடையாளமாகிவிட்ட சரக்கு அது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நிற்கும். ஆட்டுகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் பெரியவர்கள் கொஞ்ச காலம் "கிரைண்டர்ல மாவு ஆட்டு" என்றார்கள். பிறகு அது "கிரைண்டர்ல போடு" என்று ஆனது. மிக்ஸி வந்தது: இடிப்பது, அரைப்பது, நுணுக்குவது மூன்றும் ஒரே ஜாரில் முடிந்தன. "மிக்ஸியில போட்டு ஒரு ஓட்டு ஓட்டு." துணிக்கும் இதே கதை. ஊறவைத்து, துவைத்து, கசக்கி, அலசி, நீலம் போட்டு, பிழிந்து, உதறிக் காயப்போட்ட துணி இன்று "மெஷின்ல போடு" என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. சோறு வடித்த காலம் போய்க் "குக்கர்ல போடு" வந்தது.

இங்கேதான் எனக்கு வழக்கமான புலம்பலோடு ஒத்துப்போக முடியவில்லை. இந்த வினைகளை விழுங்கியது ஆங்கிலம் அல்ல. 'போடு' என்ற பச்சைத் தமிழ்ச் சொல்தான் விழுங்கியது. இயந்திரத்துக்கு முன்னால் நம் கைக்கு மிச்சமான வேலை அது ஒன்றுதான்: எடுத்து உள்ளே போடுவது. மீதியை அது செய்கிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று நமக்குப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. இதற்காக அழவேண்டுமா என்றால், அம்மா அழமாட்டாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த கை அவளுடையது. "ஆட்டுனவளுக்குத்தான் தெரியும், நீ சும்மா எழுதிக்கிட்டிரு" என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டை விட்டுப் போன அந்த வினைகள் கடையில் விலைச்சீட்டாகத் திரும்பி வந்திருக்கின்றன. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய், அம்மியில் அரைத்த மசாலா, உரலில் இடித்த பொடி. ஒரு காலத்தில் பெண்களின் இடுப்பை ஒடித்த வினைகளுக்கு இன்று கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் விலை.

ஆங்கிலம் நுழைந்த இடம் வேறு. அது 'பண்ணு' வழியாக வந்தது. வேற்றுமொழிப் பெயர்ச்சொல்லை உள்ளே விடுவது தமிழுக்குச் சுலபம்; கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்தால் போதும், பஸ்ஸு, பேங்கு என்று ஆகிவிடும். வினையை அப்படி விட முடியாது. தமிழ் வினைக்கு நேற்று, இன்று, நாளை என மூன்று காலத்துக்கும் வடிவம் வேண்டும். ஒரு காலத்தில் சமஸ்கிருதச் சொற்களுக்கு ஓர் இகரத்தைச் சேர்த்து முழு வினையாகவே ஆக்கிக்கொண்டோம்: யோசித்தான், விசாரித்தான், ரசித்தான், நேசித்தான். ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வெயிட்டித்தான், வாஷித்தான் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கில வினை நம்மிடம் பெயராக மட்டுமே இருக்கும். பக்கத்தில் பண்ணு நின்று காலத்தையும் ஆளையும் சுமக்கும்.

இந்தப் பாலத்தையும் ஆங்கிலத்துக்காகக் கட்டவில்லை. கல்யாணம் பண்ணுவதும் தானம் பண்ணுவதும் பழையவை. நவாபு காலத்து வசூல், ரத்து, ராஜினாமா, பைசல் எல்லாமே பண்ணு அல்லது செய் என்ற தோளில் ஏறி வந்தவைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ராஜினாமா என்பது ஊருக்குப் புதிதாக வந்த ஒரு காரியம்; அது தன் பெயரோடு வந்தது. இன்று பண்ணு சுமந்து வருவது நாம் ஆயிரம் வருடமாகச் செய்துவரும் காரியங்களை. பல் விளக்குவது பிரஷ் பண்ணுவதாகிவிட்டது. காத்திருப்பது வெயிட் பண்ணுவதாகிவிட்டது.

'கட் பண்ணு' ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். காயை நறுக்கலாம், கீரையை அரியலாம், கிள்ளலாம். கதிரை அறுக்கலாம், மரத்தை வெட்டலாம், இளநீரைச் சீவலாம், பூவைக் கொய்யலாம். அத்தனைக்கும் இன்று வீட்டில் ஒரே பதில், கட் பண்ணு. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதே சொல் வேறு எங்கெல்லாம் போகிறது என்றும் பார்க்கவேண்டும். கயிற்றைக் கட் பண்ணுகிறோம். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட் ஆகிறது. வகுப்பைக் கட் பண்ணுவதில்லை, கட் அடிக்கிறார்கள். பாடலில் ஒரு வரியைக் கட் செய்தால் தணிக்கை. கட்டிங் என்றால் அது வேறு கடை. பண்ணு வேண்டுமென்றே செய்வது, ஆகு தானாக நடப்பது, அடி கொஞ்சம் திருட்டுத்தனமான சந்தோஷம். ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, திரும்பு–திருப்பு என்று தானாக நடப்பதையும் நடத்துவிப்பதையும் பிரித்துவைக்கும் தமிழின் பழைய பழக்கம், ஆங்கிலச் சொல்லின் மேலேறி மிஸ் ஆகு–மிஸ் பண்ணு, ஆன் ஆகு–ஆன் பண்ணு என்று அப்படியே தொடர்கிறது. சொல் வெளியூர், இலக்கணம் உள்ளூர்.

இளையவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பண்ணு போதாது என்பதும் தெரியும். மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். ரீசார்ஜ் போடுகிறார்கள். செல்ஃபி எடுக்கிறார்கள். சீன் போடுகிறார்கள், பிட் அடிக்கிறார்கள், பீலா விடுகிறார்கள். ஸ்டேட்டஸை மட்டும் 'வைக்கிறார்கள்'. பூ வைப்பது போல, பொட்டு வைப்பது போல, அதுவும் பிறர் பார்க்க வைப்பது. இதை யாரும் உட்கார்ந்து தீர்மானித்திருக்கமாட்டார்கள். என் மகளிடம் ஏன் ஸ்டேட்டஸ் போடுவதில்லை, வைக்கிறாய் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அன்றைக்கு அம்மா முழித்த அதே முழி.

அம்மாவுக்கும் போன் இருக்கிறது. தொலைபேசி அவள் வாழ்க்கையில் தாமதமாக வந்தது. முதலில் தந்தி, அதுவும் வந்தால் வீடே அழத் தொடங்கிவிடும். 2013இல் தந்திச் சேவையை நிறுத்தியபோது "நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு டிரங்க் கால், எஸ்டிடி பூத், கடைசியில் கைபேசி. அவள் இன்னும் "நம்பரைச் சுத்து" என்றுதான் சொல்கிறாள். சுற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தொடுதிரையைத் 'தட்டு' என்கிறாள், இஞ்சியைத் தட்டுவது மாதிரி. சில நேரம் அந்த அழுத்தத்தோடுதான் தட்டுகிறாள்.

எங்கள் பக்கம் விளக்கை 'அணை' என்று சொல்லமாட்டார்கள். அமங்கலம். நாமாக நிறுத்தினால் 'குளிர வை', தானாக நின்றால் 'மலையேறிடுச்சு'. போன வாரம் ஒருநாள் சாயங்காலம் அம்மா கூடத்துக்கு வந்து, கருத்துப்போன திரையை என் மகளிடம் நீட்டினாள். "இது மலையேறிடுச்சு. கொஞ்சம் சார்ஜ் போட்டுக் கொடு."

மகள் அப்போது தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "ஒரு நிமிஷம் வெயிட் பண்ணுடி, பாட்டி போன் மலையேறிடுச்சு."